தங்கையின் எட்டணா

தகப்பனார் காலமாகி வருஷாப்திகம் முடிந்ததும், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத் தமையனிடமிருந்து அழைப்பு வருகிறது. அவளும் குழந்தைகளுடன் ஆசையோடு வருகிறாள். விருந்துச் சாப்பாடு, புதுப் புடவை, மறுநாள் சப்-ரிஜிஸ்திரார் கச்சேரி. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு, அம்மா" என்கிறார் தமையனார். அந்தக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். நம் வீடுகள் பலவற்றில் நேயர்கள் கண்ட காட்சிதான் இது.

அவள் எதை விடுகிறாள் என்பதைச் சற்றுக் கணக்கிடுவோம். 1937-ம் வருஷத்துச் சட்டம் விதவைக்குக் கணவனுடைய பாகத்தில் ஆயுட்கால பாத்தியதை அளித்தது. பெண்மக்களை அது கவனிக்கவில்லை. 1956-ல் வந்த ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களைக் கவனித்தது. ஆனால் பிதிரார்ஜிதத்தில் பிறப்புரிமையைப் பிள்ளைகளுக்கே விட்டு வைத்தது. தாயும் இல்லாத ஒரு வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு பெண் என்று கொள்வோம். தகப்பனார் உயிலெழுதாமல் இறந்தால், ரூபாயில் பன்னிரண்டணா தமையனுக்கு, நாலணா தங்கைக்கு.

1989-ல் தமிழ்நாடு, அதுவரை விவாகமாகாத பெண்களுக்குப் பிள்ளைக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல், விவாகமானவர்களுக்கும் சேர்த்து, அவ்வுரிமை தேசமெங்கும் வந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிற்று. முன்பே முறையாகப் பாகம் பிரிந்த குடும்பங்கள் நீங்கலாக, இன்று தங்கைக்கும் எட்டணா.

"நகையும் சீரும் செய்து கல்யாணம் பண்ணிக் கொடுத்தோமே, அதுவே அவள் பங்கு" என்பார் உண்டு. பிள்ளையின் காலேஜ் படிப்புக்குச் செலவழித்ததை யாராவது அவன் பங்கில் கழித்ததுண்டா? மேலும், வயோதிகப் பெற்றோரைக் காக்கும் கடமையை 1956-லேயே சட்டம் பெண்ணின் தலையிலும் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தாயாரின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருப்பவள் பெரும்பாலும் பெண்தான் என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

பெண்கள் பேசாமல் கையெழுத்திடுவது சட்டம் தெரியாததனால் மட்டுமல்ல. பங்கு கேட்டால் பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. இந்தப் பயத்தைப் போக்க எந்தச் சட்டசபையாலும் இயலாது, தமையன்மார்களால்தான் இயலும்.

நாம் அவர்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே: பத்திரத்தை நீட்டுவதற்கு முன், சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு, உன் பாகம் இவ்வளவு என்று தங்கையை உட்காரவைத்துச் சொல்லுங்கள். யோசிக்கச் சில நாள் அவகாசமும் கொடுங்கள். அதன்பின் அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். கேட்டாளானால், முகங்கோணாமல் கொடுத்துவிட்டு, அடுத்த பொங்கலுக்கும் அவளை அழைக்க வேண்டும்.