இல்லத்து இரசாயனம்: கற்கண்டும் கேக்கின் வெண்பூச்சும்

தயிர் உறையும் விதத்தைப் பற்றிச் சென்ற கிழமை இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வைரவபுளியங்குளத்தில் தம் வீட்டிலேயே கேக் செய்து விற்று, அவ்வருவாயில் இரு பிள்ளைகளைப் படிப்பிப்பவர் அவர்.

ஒரு மணிவிழாவுக்கு முட்டை சேராத கேக் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். அவரும் அவ்வாறே செய்து, கடையில் வாங்கிய வெண்ணிற ஐசிங்கைத் துணிபோல் விரித்து மேலே போர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தார். விழா நாயகரான பெரியவர் கத்தியைக் கையில் எடுத்த பின்னர், "பிள்ளை, இது முழுக்கச் சைவந்தானே?" என்று கேட்டாராம். அம்மையார் பொய் சொல்லி அறியாதவர். "கேக்கிலே முட்டை இல்லை ஐயா, மேலே மூடியிருக்கிற ஐசிங்கிலே ஜெலற்றின் இருக்கிறது" என்றார். பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒருவரும் என்னை ஏசவில்லை மாஸ்டர். பேசிய காசை முழுதாகவே தந்தார்கள். அதுதான் எனக்குக் கூடுதலான வெட்கம். ஜெலற்றின் இல்லாமல் அந்த ஐசிங்கைச் செய்ய வழியில்லையா?"

வழி உண்டு. அதுவும், ஜெலற்றின் சேர்ப்பதற்கு வெகுகாலம் முன்னரே இருந்த வழி.

பொண்டன்ற் என்று நாம் இன்று சொல்வது இருவேறு பண்டங்களுக்குப் பொதுவான பெயராகிவிட்டது. ஒன்று, அம்மையார் வாங்கியதுபோல மாவாகப் பிசைந்து, உருட்டி விரித்துப் போர்ப்பது. ஐசிங் சீனி, குளுக்கோசுப் பாகு, கிளிசரின் ஆகியவற்றோடு, அவற்றை இழுவையுள்ளதாக்க ஜெலற்றினும் பெரும்பாலும் அதில் சேரும். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதத்தை வேகவைத்து எடுப்பதே ஜெலற்றின். மார்ஷ்மெலோவை உருக்கிச் செய்வது எளிது என்று சிலர் சொல்வர். மார்ஷ்மெலோவிலும் ஜெலற்றின் உண்டென்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மற்றையது பழைய பொண்டன்ற். உருகுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அதற்கே பொருந்தும். சீனி, தண்ணீர், சிறிது புளிப்பு அல்லது குளுக்கோசு. இவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அப்படியாயின் அது வெறும் சீனிப்பாகுதானே என்று கேட்பீர்கள். பாகுதான், ஆனால் எந்தப் பாகு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கற்கண்டு எவ்வாறு உண்டாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 20 பாகை செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியையே கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையை அண்மித்தால் அதன் இரு மடங்குக்கு மேலும் கரைக்கும். சூட்டில் அளவுக்கு மிஞ்சிக் கரைந்த சீனி, ஆறும்போது வெளியேற இடம் தேடுகிறது. பாகை அசையாமல் வைத்து, நடுவே ஒரு நூலைத் தொங்கவிட்டால், சீனி அந்நூலைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்து பெரிய பளிங்குகளாகிறது. அதுவே கற்கண்டு.

பொண்டன்றோ அதற்கு நேர்மாறானது. இங்கே பளிங்கு வளரவே கூடாது. கோடிக்கணக்கில் ஒரே கணத்தில் பிறந்து, பிறந்த அளவிலேயே நின்றுவிட வேண்டும். ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்களவில் பளிங்குகள் நின்றுவிட்டால் நாக்கு அவற்றைத் தனித்தனியே உணராது. வெண்ணெய்போல வழுவழுப்பு என்றே சொல்லும். பெரும்பளிங்கு வளராமல் தடுப்பதற்கே புளிப்பு. தேசிக்காய்ப்புளி சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்துவிடும். வேறு வடிவுடைய இம்மூலக்கூறுகள் இடையிடையே புகுந்து நிற்பதால், சீனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒழுங்காக அடுக்கிக்கொள்ள இயலாது போகிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். அரைக் கிலோ சீனிக்கு 150 மில்லிலீற்றர் தண்ணீர். ஒரு மேசைக்கரண்டி குளுக்கோசுப் பாகு, அது கிடையாவிடின் அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி. சீனி முற்றாகக் கரையும் வரை இளஞ்சூட்டில் கிளறுங்கள். கொதிக்கத் தொடங்கியபின் அகப்பையை வெளியே எடுத்துவிடுங்கள். சட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீனி மணிகளை ஈரத் தூரிகையால் கழுவி உள்ளே தள்ளுங்கள். ஒட்டிய ஒரு மணி பாகுக்குள் விழுந்தாலும் அது கற்கண்டின் நூலாகிவிடும்.

பாகு 115 பாகை செல்சியஸை எட்டியதும் இறக்க வேண்டும். அந்நிலையில் அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு சீனியே. வெப்பமானி இல்லாத வீட்டில் என்ன செய்வது? சீனி அரியதரத்துக்குப் பாகு காய்ச்சிய நம் பாட்டிமாரிடம் வெப்பமானி இருந்ததா? ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பாருங்கள். மெல்லிய உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்ததும் தட்டையாகச் சரிந்தால் அதுவே பதம். கம்பிப்பதத்தில் இறக்கினால் ஐசிங் இறுகாது. உருண்டை கல்லென்று நின்றால் பதம் கடந்துவிட்டது. இவ்வேலை நடக்கும்போது சிறுபிள்ளைகள் அடுப்பருகே வேண்டாம். கொதிநீர் வழிந்தோடிவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் எண்ணெயும் பற்பசையும் தேடாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் நான் தோற்றேன். தண்ணீர் தெளித்த உலோகத் தட்டத்தில் பாகை ஊற்றி, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு, அதாவது 45 பாகை அளவுக்கு, அசையாமல் ஆறவிட வேண்டும். இரசாயனம் கற்பிப்பவன் என்ற இறுமாப்பில் நான் பொறுமையிழந்து, சூடாக இருக்கும்போதே கிளறினேன். சூட்டில் பிறக்கும் பளிங்குகள் சிலவே. அவை விரைந்து பருத்துவிடும். எனக்குக் கிடைத்தது ஆற்று மணல். வீட்டார் அதைத் தேநீருக்குப் பயன்படுத்தி முடிக்க ஒரு கிழமை சென்றது.

அம்மையார் பொறுத்திருந்தார். ஆறிய பாகை மரக் கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மடித்து மடித்துக் கிளறினார். பத்து நிமிடம் வரை ஒரு மாற்றமும் தோன்றாது, கைதான் நோகும். பின்னர் கண்ணாடிபோல் இருந்த பாகு மங்கி, பாலாகி, சடுதியில் வெண்களியாக இறுகும். அந்தக் கணத்தை என் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் காணவேண்டும் என்பது என் ஆசை. ஈரக் கையால் பிசைந்து, மூடிய பாத்திரத்தில் ஈரத்துணியின் கீழ் ஓரிரவு வைத்தால் மேலும் இளகும்.

கேக்கின்மேல் பழப்பாகை மெல்லியதாகப் பூசிக்கொண்டு, வேண்டிய பொண்டன்றைச் சுடுநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி ஊற்றலாம். 45 பாகைக்கு மேல் சூடேற்றினால் நுண்பளிங்குகள் கரைந்து மீண்டும் பெரிதாகும். பளபளப்புப் போய் மேற்பரப்புப் பூத்துவிடும்.

இது போர்வையாகாது, பூச்சே. இதில் மடிப்பு வைக்கவோ பூ வனையவோ இயலாது. போர்வைதான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு, ஜெலற்றினுக்குப் பதிலாகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகர் தூள் உதவும். 900 கிராம் ஐசிங் சீனிக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி எங்களுக்குப் போதுமாயிற்று. வெந்நீரில் கலந்தாற் போதாது. கொதிக்கவைத்தாலே அது கரையும். ஆயினும் ஜெலற்றினின் இழுவை இதற்கு இல்லை. மெல்லியதாக விரித்தால் கிழியும். கிளிசரின் வாங்கும்போதும் சிட்டையைப் பாருங்கள். அது விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. தாவர வகை என்று எழுதியிருப்பதே வேண்டும். என் எண்ணத்தில் சைவ வீட்டுக்குப் பூச்சே அழகு, செலவும் சொற்பம். 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நமக்குச் செலவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வவுனியாவின் வானிலையையும் மறவாதீர்கள். கோடையில் ஆபத்தில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் சீனி காற்றின் ஈரத்தைக் குடித்து வியர்க்கும். அதற்கஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் இன்னும் மோசமாக வியர்க்கும். அட்டைப் பெட்டியில், காற்றோட்டமுள்ள அறையில், கொடுக்கும் நாளன்றே ஊற்றி வைப்பது நல்லது. ஊற்றாத பொண்டன்ற் காற்றுப்புகாத போத்தலில் பல கிழமைகள் கெடாதிருக்கும்.

தமக்குத் திருத்தமாக வந்த முதற் கேக்கை அம்மையார் அந்தப் பெரியவர் வீட்டுக்கே கொண்டுபோனாராம். என்னென்ன சேர்த்தார் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்த பின்னர் அவர் ஒரு துண்டை உண்டு, இனிப்புத்தான் சற்று அதிகம் என்றாராம்.