பயிற்சி நாளும் பணி நாளே

1976 ஜூன் 2ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு ஹோட்டலின் வாகன நிறுத்தத்தில் டான் போல்ஸ் என்ற நிருபரின் காருக்கு அடியில் குண்டு வெடித்தது. நில மோசடி பற்றித் தகவல் தருவதாகச் சொன்ன ஒருவரைப் பார்க்க வந்தவர் அவர். 11 நாள் உயிருக்குப் போராடி இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நாட்டின் புலனாய்வு நிருபர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள்; போல்ஸும் அதில் உறுப்பினர். அவர் இறந்த சில நாட்களிலேயே அதன் முதல் மாநாடு இண்டியானாபோலிஸில் கூடியது. இரங்கல் தீர்மானம் போட்டுவிட்டு அவர்கள் ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 28 செய்தி நிறுவனங்களைச் சேர்ந்த 38 பத்திரிகையாளர்கள் அரிசோனாவுக்குப் போய், போல்ஸ் விட்ட இடத்திலிருந்து தோண்டி, 1977இல் 23 பகுதிகள் கொண்ட தொடராக அந்த மாநிலத்தின் ஊழலை வெளியிட்டார்கள். நிருபரைக் கொன்றால் செய்தி சாகாது என்பதைக் காட்டினார்கள்.

ஐ.ஆர்.இ. என்று அழைக்கப்படும் அந்தச் சங்கம் இன்றும் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. அந்த மாநாட்டின் உயிர் அதன் பட்டறைகளில் இருக்கிறது. 1988இல் அட்லாண்டா நாளிதழ் ஒன்றில் பில் டெட்மன் எழுதிய தொடர், வீட்டுக் கடன் தருவதில் வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர் பகுதிக்கும் இடையே வங்கிகள் காட்டிய பாகுபாட்டை, அரசு வைத்திருந்த கடன் பதிவுகளைக் கணினியில் ஒப்பிட்டு நிறுவியது. மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது. அதே 1989இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் கணினி வழிச் செய்திச் சேகரிப்பைக் கற்பிக்க ஒரு நிறுவனம் உருவாகி, ஐ.ஆர்.இ.யோடு சேர்ந்து தனி மாநாடே நடத்தத் தொடங்கியது. அங்கே ஓர் அறையில் வரிசையாகக் கணினிகள் இருக்கும். பயிற்சி தருபவர் தானும் ஒரு நிருபராகவே இருப்பார். உண்மையான அரசுப் பட்டியல் ஒன்றைத் திறந்து, எந்த ஒப்பந்ததாரர் எத்தனை வேலை எடுத்தார் என்பதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று செய்து காட்டுவார். வந்தவர் ஒவ்வொருவரும் தன் கையால் அதைச் செய்து முடித்த பிறகே எழுந்திருப்பார். கையில் ஒரு குறிப்புத்தாள் இருக்கும். ஊருக்குப் போய்த் தன் நகராட்சிப் பட்டியலில் அதையே செய்து பார்க்கலாம்.

நம் ஊர்ப் பத்திரிகையாளர் சங்க மாநாடுகளில் இப்படி ஓர் அறை இருப்பது அரிது. காலையில் கொடியேற்றம், வரவேற்புரை, அமைச்சரின் சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பிறகு தீர்மானங்கள்: வீட்டுமனை, பஸ் பாஸ், ஓய்வூதியம், அங்கீகார அட்டை. இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 7 அன்று உறுதிசெய்த பின்னும், அந்த ஊதியத்துக்காக வழக்காடியவர்கள் இருக்கும் தொழில் இது. அந்தத் தீர்மானங்களைக் குறைக்கச் சொல்லவில்லை. அவற்றின் வரிசையில் இன்னொரு கோரிக்கையும் ஏற வேண்டும்: தொழிலைக் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் நிறுவனமே கூலி தர வேண்டும்.

இப்போது பயிற்சி என்று நடப்பது என்ன? சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் ஊடக அறம் பற்றி ஒரு சொற்பொழிவு. அதைக் கேட்க வருகிற மாவட்ட நிருபர் சொந்த விடுப்பில், சொந்தச் செலவில் வருகிறார். பகுதிநேர நிருபராக இருந்தால் அன்றைக்கு அனுப்பாத செய்திகளுக்கான பணமும் போச்சு. நடுவில் நாலைந்து முறை அலுவலகத்திலிருந்து போன் வரும், ஒன்றியக் கூட்டச் செய்தி எங்கே என்று. இப்படி ஒருவர் எதைக் கற்றுக்கொண்டு போவார்?

கற்க வேண்டியது மலைபோல் இருக்கிறது. ஒரு தார்ச்சாலையை எடுத்துக்கொள்வோம். போட்ட மூன்றாம் மாதம் பெயர்ந்துவிட்டது என்று மக்கள் சொல்கிறார்கள். நிருபர் படம் எடுத்து, பொதுமக்கள் குற்றச்சாட்டு என்று நாலு வரி எழுதி முடிக்கிறார். அந்தச் சாலைக்கு ஓர் அளவுப் பதிவேடு உண்டு, அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். நீளம், அகலம், ஒவ்வோர் அடுக்கின் கனம் எல்லாம் பொறியாளர் அதில் பதிந்த பிறகுதான் பில் பாஸாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தப் பக்கங்களின் சான்றிட்ட நகலைக் கேட்கலாம். அதற்கும் மேலே, அச்சட்டத்தின் பிரிவு 2(j) பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. பதிவேட்டில் எழுதிய கனம் ஒன்று, சாலையோரம் அளவுகோல் காட்டும் கனம் வேறொன்று என்றால், குற்றச்சாட்டாக இருந்தது ஆவணத்தோடு கூடிய செய்தியாகிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டை எப்படி எழுதுவது, எந்தச் சொல்லைப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், எந்தச் சொல்லைத் தவிர்த்தால் வராது என்பதெல்லாம் பேச்சில் ஏறாது. விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதி, அனுபவமுள்ள ஒருவர் திருத்தித் தந்தால்தான் கை படியும்.

சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(j) 2025 நவம்பரில் மாற்றப்பட்டுவிட்டது. இந்தத் திருத்தத்தை நாம் எதிர்க்கிறோம். ஆனால் எதிர்த்து எழுதினால் மட்டும் போதாது. பொதுநலன் மேலோங்கினால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்று சொல்லும் பிரிவு 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்ததாரர் பெயரும் தனிநபர் தகவல் என்று ஓர் அலுவலர் பதில் எழுதும்போது, 8(2)ஐக் காட்டி வாதாடத் தெரிந்த நிருபர் ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவராவது வேண்டும்.

மொழியும் இதில் சேர்ந்தது. வெளிநாட்டுப் பட்டறைகளின் பாடங்களை அப்படியே இறக்கி, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்பு ராமநாதபுரம் நிருபருக்குப் பயன்படாது. அவருக்குக் கிடைக்கும் ஆவணம் சாய்வாக ஸ்கேன் செய்த தமிழ் பி.டி.எஃப்.; தேடினால் ஒரு சொல்லும் சிக்காது. இல்லையென்றால் வானவில் எழுத்துருவில் தட்டியது. யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். ஒரே ஆளின் பெயர் ஒரு பட்டியலில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷன், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து. இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவதற்கு முன் இவற்றை நேர்செய்யத் தெரிய வேண்டும். இந்தச் சிக்கலோடு தினமும் மல்லுக்கட்டுகிற தமிழ் நிருபர்தான் இதைக் கற்பிக்க முடியும். உலகப் புலனாய்வு இதழியல் மாநாடு 2001இல் கோபன்ஹேகனில் தொடங்கி, 2025 நவம்பரில் முதன்முறையாக ஆசியாவுக்கு, அதுவும் தமிழ் நாளிதழ்கள் வெளியாகும் கோலாலம்பூருக்கு வந்தது. அங்கே போய்வருவது நல்லது. வளரும் நாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் போய்வந்த ஒருவர் ஊரில் இருபது பேருக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இல்லையென்றால், அந்தப் பயணத்தின் பலன் அவர் ஒருவரோடு நின்றுவிடும்.

உயிர்ப் பாதுகாப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டா நகரில் குண்டுவீச்சில் புகைப்படக் கலைஞர்கள் டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் உயிரிழந்தார்கள். ஹெதரிங்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ரத்தம் போயே இறந்தார். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்பதை அறிந்த அவரது நண்பர் செபாஸ்டியன் ஜங்கர், 2012இல் சுயாதீனப் பத்திரிகையாளர்களுக்குக் கட்டணமில்லாமல் முதலுதவிப் பயிற்சி தரும் அமைப்பைத் தொடங்கினார். போர்முனை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கி மாண்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் ஓடுபவர் உள்ளூர் நிருபரும் கேமராக்காரரும்தான். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காயத்துக்கு மேலே துணியை எந்த அளவு இறுக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நம்மில் யார் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் தரமற்ற சாலைப்பணியை வெளிக்கொண்டுவந்த நிருபர் முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரி 3 அன்று ஒப்பந்ததாரர் ஒருவருக்குச் சொந்தமான இடத்தின் கழிவுநீர்த் தொட்டியில் கிடைத்தது. எந்தப் பட்டறையும் கொலைகாரனைத் தடுத்துவிடாது. அது காவல்துறையின், அரசின் பொறுப்பு. ஆனால் மிரட்டல் வந்தால் யாரிடம் பதிய வேண்டும், தனியாகச் சந்திக்கப் போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஆவணங்களின் நகலை யாரிடம் விட்டுவைக்க வேண்டும் என்ற ஒழுங்கை ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பழக்கிவிட முடியும். அதைச் செய்யாமல் இரங்கல் கூட்டம் மட்டும் நடத்துவது நமக்குத் தகாது.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லும் பதில் தெரிந்ததுதான். ஆளே இல்லை, இரண்டு நாள் யார் செய்தி அனுப்புவது? பயிற்சி கொடுத்தால் வேறு பத்திரிகைக்குப் போய்விடுவார். களமே பள்ளி, தனியாக எதற்குப் பயிற்சி? முதல் கேள்வியில் உண்மை இருக்கிறது. பதிப்புக்கு ஒருவர் என்ற அளவுக்கு ஆட்களைக் குறைத்தது யார் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவதை ஏற்க முடியாது. கற்றவர் போய்விடுவார் என்று அஞ்சிக் கற்பிக்காமல் விட்டால், கல்லாதவர் இருந்துகொண்டு மக்கள் தொடர்பு அலுவலகத்தின் செய்திக்குறிப்பை வரி மாறாமல் அனுப்புவார், வாசகர்தான் போவார். மூன்றாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மூத்தவர்களின் கீழ் பழகியவர்கள். ஒரு செய்தியை நாலு முறை திருப்பித் தந்து எழுதவைக்கும் துணை ஆசிரியர்கள் இருந்த காலம் அது. அந்த மேசைகள் இப்போது காலி.

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்த இடைவெளியில் நுழைந்துவிட்டன. 2018இல் கூகுள் இந்தியாவில் தமிழ் உட்பட ஏழு மொழிகளில் 8,000 பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி தருவதாக அறிவித்தது. பொய்ப்படங்களைக் கண்டுபிடிக்க அந்த வகுப்புகள் உதவின; அதை மறுக்கவில்லை. ஆனால் தன் கருவியைக் கற்பிக்கும் நிறுவனம், விளம்பர வருவாயில் தனக்கும் பத்திரிகைக்கும் உள்ள தகராறைக் கற்பிக்காது. அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சியிலும் டெண்டர் ஊழலைத் துருவும் பாடம் முழுமையாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே பாடத்திட்டம் சங்கத்தின் கையிலும், செலவு பத்திரிகை நிறுவனங்களின் கணக்கிலும் இருக்க வேண்டும். சிறு ஏடுகளுக்குத் தனியாக முடியாது என்றால், ஒரு மாவட்டத்தில் உள்ள பதிப்புகள் எல்லாம் விற்பனைக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளலாம். செய்தியில் போட்டியிடுபவர்கள் அச்சுக்காகித வரி விஷயத்தில் ஒன்றாக நின்று கேட்டவர்கள்தானே.

சங்கங்களுக்கும் நிர்வாகங்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இது. அடுத்த மாநாட்டின் நிகழ்ச்சிநிரலில் ஒரு முழு நாளைப் பட்டறைக்கு ஒதுக்குங்கள். அன்று மேடையோ மாலையோ வேண்டாம். கற்பிப்பவர்கள் தமிழில் வேலை செய்யும் நிருபர்களாகவும், கையாளும் ஆவணங்கள் வந்தவர்களின் ஊர் ஆவணங்களாகவும் இருக்கட்டும். இடங்களில் பாதியைப் பகுதிநேர நிருபர்களுக்கும், இரவுப் பயணமும் தங்குமிடமும் ஒரு தடையாகிவிடுகிற பெண் நிருபர்களுக்கும் ஒதுக்குங்கள். வருகிறவர்களுக்குப் பணி நாளாகவே அந்த நாளைக் கணக்கிட்டு, பயணப்படியோடு, செய்திக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவருக்கு அவரது வழக்கமான நாள் வருமானத்தோடு, நிர்வாகங்கள் எழுத்தில் உத்தரவு தரட்டும். உத்தரவு தர மறுக்கும் நிறுவனங்கள் எவை என்பதை மாநாட்டுத் தீர்மானத்தில் பெயர் சொல்லிப் பதிய வேண்டும். நம் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருந்தாலும் அதை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.