இரவு பத்து மணிக்குப் பின் ஒலுவிலில் யார்?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ‘மாணவ ஆலோசகர்’ என்றொரு பதவி உண்டு. காலையில் பாடம் நடத்துபவர் அவர். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் திருத்துபவர் அவர். பகிடிவதை முறைப்பாடு வந்தால் விசாரிக்கப் போகிறவரும் அவர். பிள்ளை ஒன்று மனமுடைந்து வந்து நின்றால், கதவைச் சாத்தி உட்கார வைத்து ஆறுதல் சொல்ல வேண்டியவரும் அவரே. விரிவுரையாளர் சேவைக்கு மேலதிகமாக, சிறியதொரு கொடுப்பனவோடு, சில வருடங்களுக்கு இந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. இதைப் பொறுப்பேற்றவர்களில் பலர் உண்மையில் நல்ல மனிதர்கள். தம் சொந்தக் காசைக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஆட்களில் நாம் குறை காணவில்லை. குறை பதவியின் அமைப்பில் இருக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களுக்கும் இன்று தேவைப்படுவது, ஒழுக்காற்று வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, முழுநேர, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களும், அலுவலகம் பூட்டிய பிறகும் ஆள் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கமும்தான். மாணவ ஆலோசகர் பதவி இருக்கட்டும். ஆனால் அது உயிர்காக்கும் ஏற்பாடு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது நிற்க வேண்டும்.

இப்படி அழுத்திச் சொல்வதற்கு இந்த நாட்டின் சொந்த வரலாறே ஆதாரம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த இருபது வருடங்களில் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. நாடு திடீரென்று மகிழ்ச்சியடைந்ததால் இறங்கவில்லை. யுத்தமும் சுனாமியும் வந்து போன காலம் அது. அதிநச்சு விவசாய இரசாயனங்களை 1984 தொடக்கம் 2011 வரை கட்டம் கட்டமாகத் தடை செய்ததே பிரதான காரணம் என்பதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். இதன் உட்பொருள் பெரிது. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு மாதக்கணக்கில் தீட்டிய திட்டமல்ல. அலைபோல் எழுந்து, உச்சம் தொட்டு, வடிந்து போவது. அந்த உச்சத்தைத் தாண்டக் கொஞ்சம் நேரம் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அப்படியானால் உதவி எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சந்திக்கலாம் என்ற ஏற்பாடு, வெள்ளிக்கிழமை இரவு விடுதி அறையில் தனித்திருக்கும் பிள்ளைக்கு உதவாது.

ஒலுவிலின் இரவை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே பல்கலைக்கழகமான இந்த நிறுவனத்தை, யுத்தத்தால் படிப்பு அறுந்த மாணவர்களுக்காக அரசியல் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் போராடிப் பெற்றார். இன்று இங்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பிள்ளைகளோடு புத்தளம், மன்னார், கண்டிப் பிள்ளைகளும், கணிசமான சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளை பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறது. தூரத்துப் பிள்ளை விடுதியிலோ வாடகை அறையிலோ கிடக்கிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் தசமங்களுக்காக இரண்டு மூன்று தடவை உயர்தரம் எழுதிக் களைத்து வந்த பிள்ளை, முதல் பருவத்திலேயே ஆங்கில மொழி விரிவுரையில் திணறுகிறது. மாதாந்த மஹாபொலப் புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது நல்லதுதான். சாப்பாட்டுக் கடைக் கணக்கைத் தீர்த்த பின் அதில் மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.

ஆனால் இந்தக் கரையோரம் உளநலச் சேவையே அறியாத பூமி அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஒலுவில் அமைந்துள்ள அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டு போனது. அந்த அழிவின் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை வந்தது. சுனாமிக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் பத்தில் மட்டும் இருந்த உளநலச் சேவைக் கட்டமைப்பு, 2011 அளவில் இருபதுக்குப் பரவியது. கல்முனைக்கென்று தனியான பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை இருக்கிறது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, தெற்கே அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை என்று ஒரே வீதியில் மூன்று பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. வளாகத்துக்கும் இவற்றுக்கும் இடையே வேண்டியது எழுத்தில் ஓர் உடன்படிக்கை: நள்ளிரவில் விடுதிப் பொறுப்பாளர் யாருக்கு முதல் அழைப்பு எடுப்பது, எந்த வாகனம் வரும், அங்கே யார் பொறுப்பேற்பார், மறுநாள் பிள்ளையைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது யார். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

ஒழுக்காற்றையும் ஆறுதலையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் 1998ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்கலாம். அவ்வருடம் பாராளுமன்றம் இரண்டு நல்ல காரியங்களைச் செய்தது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்த தண்டனைக் கோவைப் பிரிவை நீக்கியது ஒன்று. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது மற்றது. துன்பப்படுகிறவனைத் தண்டிக்காதே, துன்பம் தருகிறவனைத் தண்டி என்பதே இரண்டும் சேர்ந்து சொன்ன செய்தி. கால் நூற்றாண்டு கழித்து, 2025 ஏப்ரல் இறுதியில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்து விசாரணையும் கைதுகளும் நடந்தன. சட்டம் இருந்தும் வதைபடுகிற பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? தான் சொல்வது முறைப்பாடாக மாறும், பெயர் வெளியே வரும், சிரேஷ்ட மாணவர்கள் நாளைக்கே வழி மறிப்பார்கள் என்று அதற்குத் தெரியும். விசாரணை செய்கிறவரிடமே அழச் சொன்னால் எந்தப் பிள்ளை அழும்? இரகசியம் காப்பது தொழில் தர்மமாகவும் விதியாகவும் கட்டுப்படுத்துகிற ஒருவரிடம் முதலில் பேசிவிட்டு, முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதைப் பிள்ளை தானே தீர்மானிக்க இடமிருந்தால், சட்டத்துக்கும் அதனால் கூடுதல் வேலை கிடைக்கும்.

நம்முடைய ஊர்களில் எழும் முதல் ஆட்சேபம் வேறு. ஈமான் உறுதியாக இருந்தால் மனம் உடையாது; தொழுகையும் ஓதலும் இருக்கும்போது உளவளத்துணை எதற்கு என்பார்கள். தொழுகை தரும் ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மனநோயை ஈமானின் குறையாகப் பார்ப்பது முஸ்லிம்களின் பழைய வழக்கம் அல்ல. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். தெரிந்த காரணத்தால் வரும் துயரத்தையும் காரணமே புலப்படாமல் உடலிலிருந்து எழும் துயரத்தையும் பிரித்துக் காட்டி, இரண்டாவதற்கு மருத்துவம் வேண்டும் என்றவர். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பது தவக்குலுக்கு (இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதற்கு) முரண் என்று கல்முனையில் யாரும் சொல்வதில்லையே. உண்மையில் மௌலவிமார் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே அல்ல, உள்ளே இருக்க வேண்டியவர்கள். பிள்ளைக்கு ‘ஏதோ பிடித்திருக்கிறது’ என்று வாப்பாவும் உம்மாவும் முதலில் போவது அவர்களிடம்தான். ஓதிப் பார்த்த பிறகு வைத்தியரிடமும் காட்டுங்கள் என்ற ஒரு வசனம் அவர்கள் வாயிலிருந்து வந்தால், அது பத்துச் சுவரொட்டிகளுக்குச் சமம்.

அடுத்தது காசு. அரச ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டிருக்கும் காலத்தில் புதிய ஆளணி எங்கிருந்து என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, ஆனால் கணக்குச் சிறியது. தமிழும் சிங்களமும் தெரிந்த, ஆணும் பெண்ணுமாக மூன்று நான்கு பேர் போதும் ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தொடங்க. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழங்கிய தீர்ப்பில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்றது. அங்கே அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது வேறு விடயம். நமக்கு அந்த அளவுகோல்கூட வேண்டாம். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கை விட்டாலே பெரிய முன்னேற்றம்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம், நியமித்தாலும் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது. கலியாணம் பேசும்போது ‘அந்தப் பிள்ளை மனநோய் கிளினிக் போனது’ என்ற ஒரு சொல் போதும் நம்மூரில். பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடுமை. இதை மறுக்க முடியாது. ஆனால் இது அறையை எங்கே அமைப்பது, பதிவேட்டை யார் பார்ப்பது, பெற்றோருக்கு எப்போது சொல்வது என்பவற்றைக் கவனமாகத் தீர்க்கச் சொல்லும் காரணமே தவிர, அறையே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. பிரித்தானியாவில், தொடர் மரணங்களால் அதிர்ந்த பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018இல் ஒரு வழி கண்டது: நெருக்கடி வந்தால் யாருக்கு அறிவிக்கலாம் என்று சேரும்போதே மாணவரிடம் கேட்டு எழுதி வாங்கியது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சம்மதித்தார்கள். நம் பிள்ளைகளில் சிலர் வாப்பாவின் பெயரை எழுதாமல் சாச்சியின் பெயரையோ பழைய ஆசிரியரின் பெயரையோ எழுதலாம், எழுதட்டும்.

தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது; 1974 முதல் சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனமும் செவிசாய்த்து வருகிறது. இன்றிரவே யாருக்காவது தேவைப்பட்டால் அழைக்க வேண்டியது 1926தான். என்றாலும் கொழும்பிலிருந்து பேசும் குரலால் ஒலுவில் விடுதிக் கதவைத் தட்ட முடியாது. அடுத்த தொகுதி மாணவர்கள் பெட்டியோடு வந்து இறங்கும் நாளில், விடுதி வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டியிருக்கும் அறிவித்தலில், பகிடிவதை முறைப்பாட்டு இலக்கத்துக்குக் கீழே, அதனோடு சம்பந்தமில்லாத இன்னோர் இலக்கமும் இரவில் அதை எடுப்பவரின் பெயரும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரியை எப்போது எழுதப்போகிறீர்கள் என்பதே உபவேந்தரிடமும் பேரவையிடமும் நாம் கேட்பது.