ஏரி யாருக்குப் பொது?

ஏரி பொது, மந்தை பொது என்று நம் ஊர்ப் பெரியதனக்காரர்கள் பேசாத நாளில்லை. யாருக்குப் பொது என்று கேட்டால் மாத்திரம் அவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆகவே, அந்தக் கேள்வியையே இன்று கேட்கின்றோம்.

முதலாவது, மழை விஷயம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. நான்கே வருஷத்தில், 2019 கோடையில், அதே சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். அப்போது கோயில்களில் மழைக்கு யாகம் நடந்தது! வந்த மழையைப் பிடித்துவைக்க வகையில்லாதவர்கள் வராத மழைக்கு நெய்யை எரித்தார்கள். வருண பகவான் இரங்கி அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். தூர்ந்துபோன ஏரியில் அதை எங்கே வாங்கி வைப்பது?

இனி, "அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்தது, எல்லோரும் கூடி ஏரியைக் காத்தார்கள், பழமைக்குத் திரும்பினால் போதும்" என்று உபதேசிப்பவர்களிடம் வருவோம். எல்லோரும் மனமுவந்து செய்தது உண்மையானால், 1858-இல் அதற்கென்று கட்டாய வேலைச் சட்டம் எதற்கு? மண் சுமந்தவன் யார்? கரையில் நின்று ஏவியவன் யார்? இரவெல்லாம் கண்விழித்து மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டி பல ஊர்களில் சேரிக்காரன். அவன் கைபட்ட தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தீட்டில்லை. அதே கை ஊர்க்கிணற்றில் வாளி விட்டால் தீட்டு! இந்தப் பித்தலாட்டத்திற்குப் பெயர்தான் பழமையின் ஒற்றுமை.

பழங்கதை போகட்டும். பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. நல்ல காரியந்தான். ஆனால், அந்தச் சங்கத்தில் அங்கத்தினர் யார்? ஆயக்கட்டில் நிலமுடையவர்கள். நாற்று நடுகிற பெண்ணுக்குப் பட்டா இல்லை, ஆகவே ஓட்டுமில்லை. சேற்றில் இறங்குகிறவளுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லையென்றால், இது மக்கள் நிர்வாகமா, மிராசு நிர்வாகமா?

அன்றியும் தண்ணீர் தனியாக நிற்கும் விஷயமல்ல. ஏரி தூர்ந்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் பணமுள்ளவன் ஆழ்குழாய் இறக்குவான். ஆழம் கூடக்கூட மின்சாரமும் கூடுதலாக வேண்டும். அவன் இறைக்க இறைக்க அண்டை நிலத்தான் கிணறு காயும். விளைச்சல் அவனுக்கு, வெடித்த நிலம் இவனுக்கு! நீர், சோறு, மின்சாரம் மூன்றும் ஒரே முடிச்சு. ஒருவன் வீட்டுக்குள் அவிழ்க்கக்கூடியதல்ல.

"பாமர ஜனங்களுக்கு இதையெல்லாம் நிர்வகிக்கத் தெரியுமா?" என்று இளிப்பவர்களுக்கு, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை பதில் சொல்லும். அந்த ஊராட்சி 2006-இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1 கோடியே 55 லட்ச ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவிற்று. தெருவிளக்குக்கும் தண்ணீர் இறைப்பதற்கும் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. வாயு பகவான் வந்து அதைச் சுழற்றவில்லை. மக்கள் கணக்குப் பார்த்து நட்ட இயந்திரம் சுழன்றது!

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் (1992) ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடியவை என்று 29 விஷயங்களைக் கூறுகிறது. விவசாயம், சிறுபாசனம், குடிநீர், மரபுசாரா எரிசக்தி, பொது விநியோகம் யாவும் அதில் உண்டு. கிராம சபையிலோ பட்டா கேட்பதில்லை; வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆணும் பெண்ணும் அங்கத்தினரே. ஆகவே, ஏரியும் மின்சாரமும் தானியமும் நிலக்காரர் சங்கத்துக்கல்ல, கிராம சபைக்கே பொறுப்பாக வேண்டும் என்கின்றோம்.

அங்கும் அதே பெரியதனந்தானே என்பீர்கள். உண்மை. நாம் போகாதவரை அப்படித்தான் இருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஊரும் சேரியும் கலந்து உட்காருங்கள். வரவு செலவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மடையை யார் திறப்பது, யாருக்கு முதல் தண்ணீர் என்று கேளுங்கள். பதில் வராமல் எழுந்திருக்காதீர்கள். சாதி பார்த்துத் திறக்கும் மடை உள்ளவரை, ஏரி பொது என்பது வெறும் புரட்டே என்பது நமது அபிப்பிராயமாகும்.