ஒரே முற்றத்தில் இரண்டு நாய்கள்



ஆண் துணையில்லாத வீடுகளில் இரவிலே நாய் குரைப்பதும் ஒரு தைரியந்தான். நுரைச்சோலையில் யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு சகோதரியின் வீட்டுக்குக் காவலுக்கென்று உறவினர் ஒருவர் அல்சேஷன் குட்டியொன்றைக் கொடுத்திருந்தார். அங்கே ஏற்கனவே ஐந்து கிலோ கூட இல்லாத சின்ன நாயொன்று இருந்தது. மூத்த மகள் அதைக் கீழே விடாமல் தூக்கியபடியே திரிந்தாள்.

“சின்னதை யாருக்காவது குடுத்துவிடட்டுமா, மிஸ்?” என்று தாய் கேட்டார்.

தகப்பனை இழந்த பிள்ளை அது. அந்த நாயையும் இழக்கத் தேவையில்லை. கொஞ்சக் காலம் கவனமாக இருந்தால் இரண்டையும் ஒன்றாக வளர்க்கலாம்.

பிள்ளையின் பயத்தில் நியாயம் உண்டு. அல்சேஷன் குட்டி ஆறு மாதத்தில் 20 கிலோ அளவுக்கு வந்துவிடும். வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். உடம்பு பெருத்தாலும் ஒன்றரை வயது வரை அதற்குக் குட்டிப் புத்திதான். விளையாட்டாகப் பாய்ந்தாலே சின்ன நாயின் எலும்பு முறியலாம்.

ஆகவே, யாரும் பார்த்திராத வேளையில் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள். வெளியே போகும்போது இடையில் ஒரு தட்டி வையுங்கள். சாப்பாட்டை வெவ்வேறு கோப்பையில், வெவ்வேறு மூலையில் கொடுங்கள். நாய்ச் சண்டை சாப்பாட்டில் தொடங்கலாம். குட்டி ஏற முடியாத உயரத்திலோ நுழைய முடியாத இடுக்கிலோ சின்னதற்கு ஓர் இடம் இருக்கட்டும். சின்னது உறுமினால் அதை அடிக்காதீர்கள். “போதும்” என்று அது சொல்கிறது. அப்போது குட்டியை அழைத்து விலக்குங்கள். கூப்பிட்டால் வரவும் இருக்கச் சொன்னால் இருக்கவும் சிறுவயதிலேயே பழக்குங்கள். 30 கிலோ ஆன பிறகு இழுத்துப் பிடிக்க உங்களால் முடியாது.

சண்டை மூண்டால் கையை நடுவில் விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள்.

இரண்டு நாய்களுக்கும் வருடந்தோறும் விசர்நாய்த் தடுப்பூசி அவசியம். அரசாங்கம் அதை இலவசமாகப் போடுகின்றது. திகதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிள்ளையை நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வளர்ப்பு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.