விலக்க வேண்டியது இறைச்சியை அன்று, குளிர்ச்சியை

கருவுற்ற பெண்ணுக்கு விதிக்கப்படும் உணவு விலக்குகளுக்கு நம் இல்லங்களில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது, எள் சூடு என்று தாய்வீட்டில் ஒரு பட்டியலும் மாமியார் வீட்டில் மற்றொரு பட்டியலும் நீள்கின்றன. நன்கு பழுத்த பப்பாளியை அளவோடு உண்பதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காயின் பால் வேறு செய்தி. ஆனால் உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டிய ஒரு பண்டம் எந்தப் பாட்டியின் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அவர்கள் காலத்துச் சமையலறையில் அது இல்லாததே காரணம்.

சலாமி, ஹாம், மெல்லிய வில்லைகளாக அரிந்த கோழி இறைச்சி எனப் பேரங்காடியின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, சூடாக்காமல் ரொட்டிக்கு நடுவே வைத்து உண்ணப்படும் பதப்படுத்திய இறைச்சியையே குறிப்பிடுகிறோம். தொழிற்சாலையில் அது வெந்ததுதான். வெந்தபின் அரியும் இடத்திலும் பொதியும் இடத்திலும் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா அதில் ஒட்டிக்கொள்ளக்கூடும். பெரும்பாலான கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும். இதுவோ நான்கு டிகிரி செல்சியசிலும் மெல்லப் பெருகும். மணமும் நிறமும் சுவையும் மாறுவதில்லை. ஆகவே, ‘முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது’ என்னும் நம் வழக்கமான சோதனை இங்கே பயன்படாது.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அங்கே ‘போலோனி’ எனப்படும் மலிவு விலைச் சாசேஜ், எளிய குடும்பங்களின் அன்றாட உணவு. 2017 ஜனவரி முதல் 2018 ஜூலை வரை 1,060 பேருக்கு லிஸ்டீரியா தொற்று உறுதி செய்யப்பட்டது. 216 பேர் இறந்தனர். நோயுற்றோருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர், பிறந்து இருபத்தெட்டு நாள்கூட நிறையாத சிசுக்கள். அக்குழந்தைகளில் எவரும் போலோனியைச் சுவைத்ததில்லை. தாய் உண்டது கருப்பை வழியே அவர்களைச் சென்றடைந்தது. 2018 மார்ச்சில்தான் அந்த உணவே மூலம் என்று அரசு அறிவித்தது. 2024-இல் அமெரிக்காவிலும் கடைகளில் அரிந்து விற்ற இறைச்சியால் 61 பேர் நோயுற்றுப் பதின்மர் இறந்தனர்.

மற்றவர்களைக் காட்டிலும் கருவுற்ற பெண்களுக்கு இத்தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். கொடுமை என்னவென்றால், தாய்க்கு அது பெரும்பாலும் லேசான காய்ச்சலாகவும் உடல்வலியாகவுமே தோன்றி மறையும். கருவிலுள்ள குழந்தைக்கோ அது கருச்சிதைவாகவோ, குறைப்பிரசவமாகவோ, பிறந்தபின் மூளைக்காய்ச்சலாகவோ முடியக்கூடும்.

இவ்வளவும் சொன்னபின், ‘ஆகவே இவற்றைத் தொடவே கூடாது’ என்று முடிப்பது எங்களுக்கு எளிது. அவ்வாறு சொல்லும் மருத்துவர்களும் உண்டு. நாங்கள் அதில் உடன்படவில்லை. தடைகளின் பட்டியலில் இன்னொரு வரி சேர்ந்தால் பெண்கள் அஞ்சுவார்கள், அல்லது சலிப்புற்றுப் பட்டியல் முழுவதையுமே புறக்கணிப்பார்கள். மசக்கையில் எதுவும் உள்ளே தங்காத ஒருத்திக்கு இரண்டு சாசேஜும் ஒரு முட்டையும் மட்டுமே ஏற்கின்றன என்றால், அந்தப் புரதத்தை ஏன் பறிக்க வேண்டும்? இந்தக் கிருமி குளிருக்கு அஞ்சாது, சூட்டுக்கு மடியும். இறைச்சியின் உள்ளும் புறமும் 74 டிகிரி செல்சியசை எட்டினால் போதும். வீட்டு மொழியில் சொன்னால், தோசைக்கல்லில் இருபுறமும் புரட்டி, ஆவி பறக்கும்வரை சுட வேண்டும். மைக்ரோவேவில் சூடு சீராகப் பரவாது என்பதால் இடையில் ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. சுட்டதை ஆறவைத்து மறுநாளைக்கென எடுத்துவைத்தால் பட்ட பாடு வீண். இவற்றில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூடாக்கியும் குறைத்தே உண்ண வேண்டும்.

இந்தப் பொறுப்பைக் கருவுற்றவளின் தலையில் மட்டும் சுமத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. திறந்த பொட்டலத்தில் தேதி எழுதி ஐந்து நாளுக்குள் தீர்ப்பதையும், அதிலிருந்து கசிந்த நீரைத் துடைத்துக் குளிர்சாதனப் பெட்டியைத் தூய்மையாக வைப்பதையும் கணவர் செய்யலாம். மகளின் பேறுகாலத்துக்காக வெளிநாடு செல்லும் தாய்மார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே அலுவலக மதிய உணவென்பது பெரும்பாலும் குளிர்ந்த சாண்ட்விச்சே. ‘நானும் உன்னைச் சுமந்தபோது இதெல்லாம் பார்க்கவில்லை’ என்று மகளிடம் சொல்லும் முன், அப்போது வீட்டில் சலாமி இருந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஏற்கெனவே குளிர்ச்சியாக உண்டுவிட்டவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஒருமுறை உண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் நேர்வதில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்குப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனால் உண்ட சில நாள்களிலிருந்து பத்து வாரங்கள் வரை நோய் தலைகாட்டக்கூடும் என்பதால், அக்காலத்தில் காய்ச்சல் கண்டால் வீட்டில் மாத்திரை விழுங்கிக் காத்திராமல் அன்றே மகப்பேறு பிரிவுக்கு வாருங்கள். என்ன உண்டீர்கள் என்பதைத் தயக்கமின்றி முதலிலேயே சொல்லுங்கள். இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி தென்படும்; உரிய நேரத்தில் தொடங்கினால் ஆம்பிசிலின் போன்ற பழகிய மருந்தே தாயையும் சேயையும் காக்க உதவும்.