வழியையும் எழுதுக!

விடையை மட்டும் எழுதினால் எங்கள் கணிதப் பேராசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. கணிப்பொறிக்கு மட்டும் இவ்விதி தளரலாமா?

எந்த நிலப்படத்திலும் அடுத்தடுத்த நாடுகளை வேறுபடுத்திக் காட்ட நான்கு வண்ணங்களே போதும். 1976-இல் ஆப்பெலும் ஹேக்கனும் கணிப்பொறியின் துணையால் இதனை நிறுவினர். ஐயம் முற்றும் தீரவில்லை. 2005-இல் கோந்தியே என்பார் 'காக்' என்னும் மென்பொருள் கொண்டு ஒவ்வொரு படியையும் சரிபார்த்தார். 'சரி' என்றது இயந்திரம். ஏன் சரி? 633 வடிவங்களைச் சோதித்ததே அதன் மறுமொழி! 2008-இல் கோந்தியே மனிதர் படிக்கத்தக்க விளக்கக் கட்டுரையும் எழுதினார். அதுவே நெறி என்பேன்.

பாரிஸ் நகரில் 1998-இல் ஓடத் தொடங்கிய ஓட்டுநரற்ற இரயிலின் பாதுகாப்பு நிரலும் கணித முறையில் மெய்ப்பிக்கப்பட்டதே. எதை மெய்ப்பித்தார்கள், எவற்றை எடுகோளாகக் கொண்டார்கள் என்பது நமக்குப் புரியவேண்டும். எடுகோள் பிழையானால் 'சரி'யால் பயனென்ன? வண்டியில் ஏறுவோர் மனிதரல்லவா!